நாற்பது நாள் முக்காடு

இருதயமேரிக்குப் பேரம் பேசாவிட்டால் சோறு இறங்காது. கத்தரிக்காய்க்கும் பேரம், ஷேர் ஆட்டோவுக்கும் பேரம். இத்தனைக்கும் திண்டிவனத்தில் பதினோரு வருஷமாக அவள் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கும் ஜவுளிக்கடை, ‘ஒரே விலை’ என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கும் கடை. பகலெல்லாம் வருகிறவர்களிடம் “பேரம் கிடையாதுங்க” என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பூக்காரியிடம் போய் அரை முழத்துக்கு மல்லுக்கட்டுவாள். அப்படிப்பட்டவள் மாதாவை மட்டும் விட்டுவிடுவாளா?

போன ஜூலைக் கடைசியில் அவள் புருஷன் சவரிராயனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. யாரோ ஒருவருடைய மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிக்கு நடுவே, கூலிக்குக் களை கொத்தப் போனவரை, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. வராந்தாவில், ஊசி போடுகிற இடத்துக்கும் மருந்து கொடுக்கிற இடத்துக்கும் நடுவே, போகிறவர் வருகிறவர் காலில் இடிபடும்படி மேரி முட்டி போட்டாள்.

“தாயே, இவர எழுப்பி உக்கார வெச்சிடு. வேளாங்கண்ணிக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்.”

சொன்ன வாய் மூடுவதற்குள் கை பின்னலைத் தொட்டுவிட்டது. கடைச் சட்டம் ஞாபகம் வந்தது. பெண் ஊழியர் எல்லோரும் மெரூன் புடவை கட்ட வேண்டும், ஒற்றைப் பின்னல் போட வேண்டும், பின்னலில் ஒரு முழம் பூ இருக்க வேண்டும். மொட்டைத் தலையில் பூவை எங்கே சொருகுவது, கோந்து போட்டு ஒட்டுவதா?

“மொட்டை வேணாம் தாயே. கடையில சேத்துக்க மாட்டாங்க. அதுக்கு பதிலா நாப்பது நாளு தலையில முக்காட்ட எடுக்காம இருக்கேன். குளிக்கிற நேரத்த மட்டும் கழிச்சிக்க.”

மாதா ஒப்புக்கொண்டாள் போலிருக்கிறது. அரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, ஆபத்து இல்லை, கண் திறந்துவிட்டார் என்றார். மேரி அங்கேயே முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். துணிமணி எடுத்து வரலாம் என்று ஊருக்கு பஸ் ஏறியவள், லாபமான வியாபாரம் முடித்த குஷியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டி தாண்டும்போதுதான் கடைச் சட்டத்தில் பூ வரிக்கு அடுத்த வரி கண் முன் வந்து நின்றது. ‘தலையில் துண்டு, தொப்பி, முக்காடு எதுவும் அணியக் கூடாது.’

“ஐயய்யோ!” என்று அவள் போட்ட கூச்சலில் கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸையே நிறுத்திவிட்டார்.

மொட்டையிலிருந்து தப்பிக்கிறேன் என்று நேராகப் போய் முக்காட்டில் மாட்டிக்கொண்டாள். ஊர்ப் பங்குச் சாமியார் இளகின மனசுக்காரர். “வேண்டுதலை மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கும்மா. நாப்பது நாளைக்குப் பதிலா ஏழைகளுக்கு அரிசி குடுத்துடு” என்றார்.

“பேசினது நானும் மாதாவும் சாமி. அவங்க பேச்சு மாறல. நான் மட்டும் மாறலாமா?” என்று அவர் வாயை அடைத்துவிட்டு வந்தாள். சவரிராயன் இன்னும் மூன்று மாசத்துக்கு மண்வெட்டி தொடக் கூடாது. மகள் பிரின்சி பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் உலை கொதிப்பது மேரியின் சம்பளத்தில். முக்காட்டையும் விட முடியாது, வேலையையும் விட முடியாது.

வேலைக்குத் திரும்பிய அன்று, மெரூன் புடவைக்கு மேல் தனியாக ஒரு துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்தவளைக் காலையிலேயே மேனேஜர் தென்னரசு வாசலில் மறித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. தென்னரசு கெட்டவர் இல்லை. ஆனால் சட்டம் என்று அச்சடித்து எதையாவது ஒட்டிவிட்டால் அதற்குத் தினமும் கற்பூரம் காட்டுகிற ஆசாமி.

“இன்னாம்மா இது கோலம்? முழுக்க நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்குன்னு கேட்டிருக்கேன். நீ இன்னும் நனையவே இல்லியே?”

மேரி பாம்பிலிருந்து ஆரம்பித்து மாதா வரைக்கும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரில் ஒட்டிய அட்டையைக் காட்டினார். “பத்து மணிக்கு ஜனம் வந்துடும். அதுக்குள்ள எடுத்துடு. இல்லன்னா ஊட்டுக்குப் போயிக்கினே இரு.”

பத்து மணிக்கு ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அணை உடைந்த மாதிரி உள்ளே வந்தது. முதல் ஆளாக மாடியேறி வந்தவள் பெருமுக்கல்லிலிருந்து மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த வேணி என்கிற ஆஜானுபாகுவான அம்மாள். “அந்த மாம்பழக் கலர உன் மேல போட்டுக் காட்டும்மா” என்றாள். புடவையைத் தன் மேல் போட்டுக் காட்டுவதில் மேரிக்கு நிகர் அந்த வட்டாரத்தில் கிடையாது. உதறினாள், தோளில் வீசினாள். எதிரே தென்னரசு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார். அப்போது அவள் கை அவளைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தது. மாம்பழப் பட்டின் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, அடியிலிருந்த தன் முக்காட்டை உருவிக் கவுன்ட்டருக்குக் கீழே போட்டது. தலை ஒரு நொடிகூடக் காற்று வாங்கவில்லை.

“தலையில இன்னாம்மா?” என்றார் தென்னரசு.

“சரக்குங்க சார்.”

“எடு அத.”

“யோவ், பாக்க வுடுய்யா!” என்று வேணியம்மாள் அவரை ஒரு அதட்டு அதட்டினாள். “பார்டரு தலையில எப்படி வுழுதுன்னு பாத்துக்கினு இருக்கேன். எம் பொண்ணு மணவறையில தலைய மூடினாப்பல உக்காருவா.”

தென்னரசு கீழே போய் அட்டையைப் படித்தார். மறுபடியும் படித்தார். ஊழியர் அணியக் கூடாது என்று இருந்ததே தவிர, விற்கிற புடவையைத் தலையில் போட்டுக் காட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை. வாடிக்கையாளர் கேட்டால் உடுத்திக் காட்ட வேண்டும் என்று வேறு, அதற்கு நாலு வரி தள்ளி, அவரே அச்சடித்து வைத்திருந்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. காலையில் மேரி தன் முக்காட்டோடு கடைக்குள் நுழைவாள். கதவு திறந்ததும் ஒரு புடவை தலையேறிவிடும். விலைச்சீட்டு நெற்றியில் சுட்டி மாதிரி ஆடும். அதோடுதான் நிற்பாள், நடப்பாள், அலமாரி ஏறி இறங்குவாள். சிக்கல் என்னவென்றால், வருகிறவர்களுக்கெல்லாம் அவள் தலையில் இருப்பதுதான் வேண்டும். “அடுக்குல இருக்கிறது வேணாம், நீ போட்டிருக்கியே, அது” என்பார்கள். ஒன்று தலையிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது ஏறியாக வேண்டும். இதற்குக் கைகொடுத்தவள் பக்கத்துக் கவுன்ட்டர் மெஹருன்னிசா. மேரிக்கு மெஹரு. ஆறு வருஷமாக ஒரே சாப்பாட்டு டப்பாவில் கை நனைக்கிற சிநேகிதி.

“மேரிக்கா, பச்சை வருது, ஜல்தி!” என்பாள். மேலே பச்சை விழும், அடியில் சிவப்பு நழுவும். சிவப்பு பில் போடப் போகும்போது பச்சை சிரித்துக்கொண்டிருக்கும். பத்தே நாளில் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவுக்குத் தேறிவிட்டார்கள். ஒருமுறை அவசரத்தில் மெஹரு பட்டு வேட்டியை வீசிவிட்டாள். மேரி அதையும் போட்டுக்கொண்டு அசராமல் ஒரு மாப்பிள்ளைக்கு விற்றாள். இரண்டு பேரும் கவுன்ட்டருக்குக் கீழே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தார்கள்.

“முக்காட்டம்மா எங்க?” என்று கேட்டுக்கொண்டு ஜனம் வர ஆரம்பித்தது. மாதா கோயில் கல்யாணத்துக்குத் தலை மூட வேண்டிய வேதக்காரப் பெண்கள் வந்தார்கள். செஞ்சியிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் வேன் பிடித்து வந்தது. “நாங்க கட்டினா எப்படி இருக்கும்னு இதுவரிக்கும் எந்தக் கடையிலயும் காட்டல தாயி” என்று அந்த வீட்டு மாமியார் மேரியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

தென்னரசுக்குத்தான் பேஜாரு. விற்பனை ஏறியது அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் சட்டம் கண்ணெதிரே சிரிப்பாய்ச் சிரிக்கிறதே. விழுப்புரத்து முதல் கடையில் உட்கார்ந்திருக்கும் முதலாளி குமரேசனுக்கு ஒரு புகார் எழுதிப் போட்டார்.

முப்பத்து மூன்றாம் நாள் முதலாளி வந்து இறங்கினார். ஆவணி முகூர்த்தக் கூட்டம் மாடிப்படி வரை நின்றது. தென்னரசு முன்னேற்பாடாக மெஹருவைக் கீழே துண்டு, லுங்கி பக்கம் அனுப்பியிருந்தார். கைகொடுக்க ஆளில்லாமல், தலையில் வாடாமல்லிக் கலர்ப் பட்டோடு மேரி தனியே நின்றாள். முதலாளியும் மேனேஜரும் படியேறி வருவது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்த லட்சுமியம்மாள், கல்யாணப் பெண்ணின் அத்தை, “டியூப் லைட்டுல கலரு பொய் சொல்லும், வெயில்ல பாக்கணும்” என்று சொல்லிக்கொண்டே மேரியின் தலையிலிருந்த பட்டை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

“ஐயோ, தலை!” என்று மேரி அலறிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் உச்சியைப் பொத்தியபடி கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். தன் முக்காடு எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை. இத்தனை நாள் காப்பாற்றியது இப்படி முதலாளி முன்னாலா போக வேண்டும் என்று அழுகை முட்டியது.

அலறல் கீழே வரை கேட்டது. தடதடவென்று படியேறி வந்த மெஹரு, முதலாளியை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, வழியில் குடோனிலிருந்து அள்ளி வந்த ஒரு கறுப்புத் துணியை மேரியின் தலையில் போட்டு, தாடைக்குக் கீழே சுற்றி, ஊக்கும் குத்திவிட்டாள். எல்லாம் மூன்று மூச்சு விடுகிற நேரத்துக்குள்.

குமரேசன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அந்தக் கறுப்புத் துணியைப் பார்த்தார். வியாபாரி பாருங்கள், முதலில் வந்தது அந்தக் கேள்விதான். “இது எந்த செக்ஷன் சரக்கு?”

“சரக்கு இல்லீங்க. என்னுது” என்றாள் மெஹரு.

“உன்னுதா? நீ போட்டு நான் பாத்ததே இல்லியே.”

“எப்படிங்க பாப்பீங்க? ஆறு வருஷமா காலையில வந்ததும் குடோன்ல கழட்டி மடிச்சி வெச்சிட்டுத்தான் மேல வர்றேன். போறப்பதான் திரும்பப் போடுவேன்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வது போலத்தான் சொன்னாள். “மொத மாசம் அழுதேங்க. அப்புறம் பழகிப்போச்சி.”

மேரிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அவள் தலை இப்படி முப்பத்து மூன்று நாள் ஊரையே கூட்டியிருந்தது. இவளோ ஆறு வருஷமாக ஒரு சத்தமும் போடவில்லை. தினமும் அந்தக் குடோன் கதவு வழியாகத்தான் மேரியும் போய் வருகிறாள். ஒருநாளாவது, ஏன்டி, உனக்கு எப்படி இருக்கு என்று கேட்டாளா? வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். “உனக்கு இன்னும் எத்தினி நாளும்மா?”

“ஏழு நாளுங்க.”

“ஏழு நாள்தான? போட்டுக்கினு போ. யாரு கேக்கப் போறா?”

வேலை தப்பித்தது, வேண்டுதலும் தப்பித்தது. இதோடு வாயை மூடிக்கொண்டு கும்பிடு போட்டிருக்க வேண்டும். மேரி எழுந்து நின்றாள்.

“எனக்கு ஏழு நாளு குடுத்தீங்க. இவளுக்குங்க?”

“அக்கா, சும்மா இருக்கா” என்று மெஹரு கையைப் பிடித்து இழுத்தாள்.

“என் வேண்டுதலு ஏழு நாள்ல தீந்துடும். இவளுது தீராதுங்க. இவளுக்கு இல்லன்னா எனக்கும் அந்த ஏழு நாளு வேணாம். கணக்க முடிச்சிடுங்க, நான் கெளம்பறேன்.” சொல்லிவிட்டாளே தவிர, வீட்டு உலை கண்ணுக்குள் வந்து போனது.

கூட்டம் புடவை பார்ப்பதை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தது. “தலைய மூடினா துணி விக்காதாய்யா? நாங்க இந்த ரெண்டு பொண்ணுங்கள பாத்துத்தான் வர்றோம்” என்றாள் ஜன்னலோரமிருந்து லட்சுமியம்மாள், பட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

குமரேசன் தென்னரசு பக்கம் திரும்பினார். “இந்தச் சட்டத்த யாருய்யா எழுதினது?”

“நீங்கதான் சார்.”

“நானா? எப்போ?”

“கடை தொறந்தப்போ சார். எதிர்க்கடை அட்டையைப் பாத்து அப்படியே எழுதிக்கச் சொன்னீங்க.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அப்புறம் மாடி முழுக்கச் சிரித்தது. முதலாளியே சிரித்துவிட்டார். “அந்த வரிய அடிச்சிடு. ஆனா மெரூன் கலரு! யூனிபார்ம் துணியிலயே தச்சிக்கச் சொல்லு. கறுப்பு, நீலம்னு ஆளுக்கொரு கலரு வரக் கூடாது, சொல்லிட்டேன்.” மெரூனாவது வைக்காவிட்டால் முதலாளி என்று எப்படிச் சொல்லிக்கொள்வது, பாவம்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் தையல்கடையில் போய் உட்கார்ந்து துணியை வெட்டித் தைத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்கள்.

மறுநாள் காலை மெஹரு மெரூன் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். வருகை பதிகிற மெஷினில் முகத்தைக் காட்டினாள். மெஷின் நன்றி என்றது. நேரே நடந்தவளின் கால் பழக்கத்தில் குடோன் பக்கம் திரும்பியது. கை தாடைக்குக் கீழே ஊக்குக்குப் போனது.

“கைய எடுடி” என்றாள் பின்னால் வந்த மேரி.

மெஹரு திகைத்து நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. மேலேயிருந்து தென்னரசு, மணி பத்தாகிறது என்று கத்தினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குடோனுக்குள் போகாமல் மாடிப்படி ஏறினாள்.