தையல்கார வீட்டுக் குடம்

அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டால் என் மகளின் முகம் மாறிவிடுகிறது. டாக்டரிடம் போவோமா என்று மெதுவாக ஆரம்பிப்பாள். போடி, உன் வேலையைப் பார் என்று வாயை அடைத்துவிடுவேன். மறதி என்று யாராவது சொன்னாலே எனக்குச் சுள்ளென்று வரும். அதற்குக் காரணம் என் மாமனார்.

அறுபதுகளில் தாராவியில், சந்துக்கே ஒரு குழாய் இருந்த இடத்தில் குடியிருந்தோம். மாமனார் தோல் ஷெட்டில் காலமெல்லாம் உழைத்து, முட்டி ஓய்ந்துபோய் வீட்டோடு இருந்தார். சும்மா உட்கார்ந்தால் மண்டை துருப்பிடித்துவிடும் என்பது அவர் பயம். அவருடைய அப்பா கடைசிக் காலத்தில், பெற்ற பிள்ளையையே நீ யார் என்று கேட்டவராம். அதனால் குழாயடிப் பொறுப்பைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார். விடியுமுன்னே பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் பித்தளைக் குடங்கள். தண்ணீர் வந்ததும் இவர் போய் நிற்பார். ஒவ்வொரு குடத்துக்கும் முறை வரும்போது அதைப் பார்த்து இன்ன வீடு என்று குரல் கொடுப்பார். ஒரு நாளும் பிசகியதில்லை. எங்கள் சந்தில் குழாயடிச் சண்டையே கிடையாது என்றால் நம்புவீர்களா? மற்ற சந்துக்காரர்கள் நம்பவே இல்லை.

ஒரு தை மாதம் எங்கள் சந்தில் கல்யாணம். வழக்கம்போல வீட்டுக்கு வீடு குடம், அண்டா எல்லாம் இரவல் கொடுத்தோம். கல்யாணம் முடிந்து அதது வீடு வந்து சேர்ந்தது. அதற்கு மறுநாளே வினை பிடித்தது. மாவு மில்காரர் மனைவி வைத்த குடத்துக்கு முறை வந்தபோது மாமனார், "தையக்கார வீடு" என்று கூப்பிட்டுவிட்டார். தையல்காரர் மனைவி ஓடி வந்து குழாயில் கை வைத்தாள். என் முறையில் நீ எப்படிப் பிடிப்பாய் என்று மில்காரி பாய்ந்தாள். இரண்டு பேரும் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டார்கள். மறுநாள் தையல்காரர் மனைவி வைத்த குடத்துக்கு மில்காரர் வீட்டைக் கூப்பிட்டார். பெரிசுக்குத் திமாக் கலங்கிட்டு, மூளை பிசகிட்டு என்று சந்து முழுக்கப் பேச்சு.

என் வீட்டுக்காரர் பயந்துபோனார். அம்பர்நாத்தில் அண்ணன் வீட்டில் உள்ளேயே குழாய் இருக்கிறது, யாரோடும் பேச்சு வராது, ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். மாமனார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. குழாயடிக்குப் போவதையும் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"யம்மா, காலையில நான் கஞ்சி குடிச்சனா?"

குடித்தீர்கள் என்றேன். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தது சரிதானா என்று என்னிடம் சோதித்துப் பார்த்தார். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

சனிக்கிழமை காலையில் கஞ்சியை இறக்கி வைத்த கையோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மில்காரியின் குடத்தைத் தையல்கார வீட்டுக் குடம் என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பெருவிரலை நீட்டிக் காட்டினார்.

"கழுத்துக்குக் கீழ, பெருவிரல வச்சு அமுக்குன மாதிரி ஒரு நெளிவு கெடக்கும்மா. அது தையக்காரன் வீட்டுக் கொடம்லா. என் கண்ணுக்கு இப்பமும் அப்படித்தான் தெரியுது. என்ன செய்ய?"

நான் எழுந்து ஓடினேன். மில்காரி வாசலில் குடம் கவிழ்ந்து கிடந்தது. கழுத்தடியில் தடவினேன். என் பெருவிரல் நெளிவுக்குள் போய் உட்கார்ந்தது. அந்தக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த மில்காரியோடு தையல்காரர் வீட்டுக்குப் போனேன். தையல்காரர் மனைவி தடவிப் பார்த்தாள்.

"ஏக்கா, ஊர்லேந்து வரும்போது ரயில்ல பெட்டி விழுந்து நெளிஞ்சது. இது எங் கொடம்லா!"

கல்யாண வீட்டிலிருந்து திரும்பியபோது குடங்கள் மாறிவிட்டன. தினமும் புளி போட்டுத் தேய்க்கிறவர்கள், இடுப்பில் சுமக்கிறவர்கள், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தவருக்குப் பைத்தியப் பட்டம். சந்து கேட்க நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இருவரும் தலை குனிந்து குடத்தை மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவருக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. நாளைக்கு யாரும் அம்பர்நாத் போகவில்லை என்றார் என் வீட்டுக்காரர்.

துண்டை எடுத்த மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யம்மா, காலையில நான் கஞ்சி குடிச்சனா?"

குடித்தீர்களே மாமா என்றேன், அழாத குறையாக.

"இல்லம்மா, குடிக்கல. நீ இன்னும் ஊத்தவே இல்லல்லா."

திரும்பிப் பார்த்தேன். இறக்கி வைத்த பானை அப்படியே இருந்தது. கஞ்சி ஆறிப்போயிருந்தது.