நூற்றுப் பதினேழாவது கம்பத்துப் பெட்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் என்று அவளுக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பணிமனையில் எல்லோருக்கும் அவள் மிளகாய்தான். மூக்குக்கு மேல் கோபம் வரும். கழற்றிய திருகாணியைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவனைப் பார்த்தால் வரும், கையுறை போடாமல் ஒயரை வெட்டுகிறவனைப் பார்த்தால் வரும், ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். பதினாறு வருடமாக அவள் பார்த்த வேலை, சாலையோரக் கம்பங்களில் இருக்கும் பெட்டிகளைப் பழுது பார்ப்பது.

செருப்பு டப்பா அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது சாலையில் இறங்கினால் கம்பத்தின் மேலே உள்ள கேமராக் கண் பார்க்கும். பெட்டி உடனே வருகிற வண்டிகளுக்கெல்லாம் கம்பியில்லாமல் சொல்லும். வண்டிக்குள் இருக்கும் சின்னத் திரை கீச்சென்று கத்தும். ஓட்டுகிறவர் பிரேக்கில் கால் வைப்பார். அவ்வளவுதான் விஷயம். இதை வைத்து எத்தனை உயிர் பிழைத்தது என்று அவள் அண்ணன் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொள்வாள். அண்ணன் பஸ் ஓட்டுநர். கல்யாணம் செய்துகொள்ளாத அவளுக்கு அந்த வீடுதான் வீடு, அண்ணி வைப்பதுதான் சாப்பாடு.

மேற்பார்வையாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: அப்புறம் சார். எதைக் கேட்டாலும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். புதுக் கையுறை கேட்டால் அப்புறம், விடுப்பு கேட்டால் அப்புறம். இந்த மனுஷன் பிறந்ததே ரெண்டு நாள் தள்ளித்தான் இருக்கும் என்று மிளகாய் சொல்வாள்.

நூற்றுப் பதினேழாவது கம்பம் பெட்ரோல் பங்க் தாண்டிய வளைவில் இருந்தது. பக்கத்து மரத்தின் கிளை ஒன்று வளர்ந்து வந்து கண்ணுக்கு முன்னால் ஆடத் தொடங்கியது. கிளை ஆடும்போதெல்லாம் யாரோ சாலையில் இறங்குகிறார் என்று பெட்டி கத்தியது. நாள் முழுக்கக் கத்தினால் யார் பொறுப்பார்கள்? யாரோ பெரிய இடத்து ஆள் காரில் போகும்போது ஒரே நிமிஷத்தில் ஏழு தடவை கத்தியிருக்கிறது. மேலிடத்திலிருந்து போன் வந்தது. அப்புறம் சார் மிளகாய்க்குப் போன் செய்தார்.

"ஏம்மா, அந்தப் பெட்டியைத் தூங்க வை."

"கிளையை வெட்டினா போதும் சார். ஏணி வண்டி அனுப்புங்க."

"ஏணி வண்டி வேற இடத்துல இருக்கு. இப்போ தூங்க வை. அப்புறம் பார்த்துக்கலாம்."

தூங்க வைப்பது என்றால் என்ன என்று பணிமனையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பெட்டியைப் புதிதாக மாட்டும்போது சோதனை நிலையில் வைப்பார்கள். அப்போதும் பெட்டி பேசும்; ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் 'இது சோதனை' என்ற அடையாளம் போகும், வண்டிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. மாட்டி முடித்ததும் அந்த நிலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் இருக்கும் பெரிய வரைபடத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பெட்டி பேசினால் பச்சை, பேசாவிட்டால் சிவப்பு. அணைத்து வைத்தால் சிவப்பு எரியும், யாராவது கேள்வி கேட்பார்கள். சோதனையில் போட்டால் பச்சை எரியும், புகாரும் நின்றுவிடும். எந்தப் புண்ணியவான் இதை முதலில் கண்டுபிடித்தானோ!

அவள் கம்பத்தின் கீழே நின்று, மடிக்கணினியை வண்டிச் சீட்டில் வைத்து, இரண்டு நிமிஷத்தில் தூங்க வைத்தாள். சட்டைப்பை நோட்டில் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டாள். ஏணி வண்டிக்கு மூன்று தடவை எழுதிப் போட்டாள். மூன்று தடவையும் அப்புறம். நாலாவது தடவை எழுதவில்லை. அதற்குள் நோட்டில் இப்படித் தூங்க வைத்த நாற்பத்தொரு பெட்டிகளின் எண்கள் சேர்ந்துவிட்டிருந்தன.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அண்ணன் பஸ் ஒரு பெண்ணின் மேல் மோதியது. மருத்துவமனையில் வேலை முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ். உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மறுநாளே அறிக்கை வந்தது: மோதலுக்கு ஒன்பது விநாடி முன்பே எச்சரிக்கை அனுப்பப்பட்டது, ஓட்டுநர் அதை மதிக்கவில்லை. பஸ்ஸில் இருக்கும் திரை தான் கத்தியதா இல்லையா என்பதைக் குறித்து வைப்பதில்லை. ஆக, பெட்டி சொன்னதுதான் சத்தியம், அண்ணன் சொன்னது பொய்.

"ஒண்ணுமே கத்தலை," என்றான் அண்ணன். அன்றைக்கு முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "இருபத்திரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன். கத்தியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா? லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்களாம். வெள்ளிக்கிழமை விசாரணை."

"எந்த இடத்துல அண்ணா?" என்று கேட்டாள் அவள்.

"பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு வளைவு இருக்குல்ல, அங்கதான்."

கையிலிருந்த தட்டை அவள் அப்படியே கீழே வைத்தாள். அண்ணி என்னவென்று கேட்டாள். அவள் உள்ளே போய் நோட்டைப் புரட்டினாள்.

மறுநாள் காலை அப்புறம் சாரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"சார், நூத்திப் பதினேழு தூங்கிட்டிருக்கு. எங்கண்ணனை மாட்டி விட்டிருக்கீங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதே. தூங்க வெச்சது யாரு? பதிவுல இருக்கிறது உன் ஊழியர் எண்ணு. நான் போன்லதானே சொன்னேன், எழுத்துல எங்க இருக்கு? பேசாம இன்னிக்கே போய் எழுப்பி விட்டுடு. எழுப்பிட்டா பழசு அழிஞ்சிடும். யாருக்கும் தெரியப்போறதில்லை."

"எங்கண்ணன் லைசென்ஸ்?"

"அது அப்புறம்…"

"உங்க அப்புறத்துல இடி விழ!" என்று கத்திவிட்டு வெளியே வந்தாள். வெளியே இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு நோட்டு இருந்தது.

வளைவுக்குப் போனாள். எழுப்பினால் அண்ணனுக்கு இருக்கும் ஒரே ஆதாரம் போய்விடும். எழுப்பாமல் விட்டால் இன்னொருத்தி வந்து அடிபடுவாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளிப் பைகளோடு இரண்டு பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். எதிர்க்கடையில் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டரைக் கூப்பிட்டாள். மடிக்கணினித் திரையைக் காட்டி, சோதனை நிலை, எந்தத் தேதியிலிருந்து என்று அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அதையெல்லாம் போனில் படம் பிடித்தாள். பிறகு அவருடைய ஏணியையே கடன் வாங்கி, மேலே ஏறி, கிளையை அறுத்துத் தள்ளினாள். இறங்கி வந்து பெட்டியை எழுப்பினாள். போய்க்கொண்டிருந்த ஒரு வேன் சட்டென்று வேகத்தைக் குறைத்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லாம் சேர்த்து ஒரு கால் மணி நேரம். ஒரு கால் மணி நேர வேலைக்கு ஐந்து மாதம் ஏணி இல்லை! அறுத்த கிளையைக் காலால் எட்டி உதைத்தாள். கால்தான் வலித்தது.

வெள்ளிக்கிழமை கட்டுப்பாட்டு அறையை ஒட்டிய கூடத்தில் விசாரணை நடந்தது. மேசைக்கு நடுவில் விசாரணை அதிகாரியான ஓர் அம்மாள், ஒரு பக்கம் அப்புறம் சார், எதிரே சவரம் செய்த முகத்தோடு, கையை மடியில் வைத்தபடி அண்ணன். கூப்பிடுவதற்கு முன்பே மிளகாய் எழுந்துவிட்டாள். படத்தைப் போட்டுக் காட்டினாள். தூங்க வைப்பது என்றால் என்ன என்று சொன்னாள்.

"யார் இதைச் செய்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான். இந்தக் கையாலதான் செஞ்சேன். இவர் சொன்னாரு, செஞ்சேன்."

"இந்த மாதிரி இன்னும் இருக்கா?"

அவள் நோட்டைப் பிரித்து மீதி நாற்பது எண்களையும் வாசித்தாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டுப்பாட்டு அறைக்குப் போய், வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடம், சோதனையில் இருப்பதையெல்லாம் சிவப்பாகக் காட்டச் சொன்னார். ஊழியர் எதையோ தட்டினார். சுவரில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகளில் எண்பத்தேழு சிவப்பாயின. பள்ளிக்கூட வாசல் சிவப்பு, மருத்துவமனை வாசல் சிவப்பு, ரயில்வே கேட் சிவப்பு. 

மாலைக்குள் உத்தரவு வந்தது. அண்ணன் மேல் தவறில்லை, திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். அப்புறம் சாரும் மிளகாயும் இடைநீக்கம். அவள் அடையாள அட்டையைக் கழற்றி வாயிலில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பதினாறு வருடம் கழுத்தில் கிடந்த அட்டை. போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. அண்ணன் தப்பித்தான், அது போதும்.

அண்ணன் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"அந்த ரோட்டுல தினம் நாலு நடை போறேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அஞ்சு மாசமா ராத்திரி எதிர்ல உட்கார்ந்துதானே சாப்பிட்டே? 'அண்ணா, அந்த வளைவுல பெட்டி தூங்குது, பார்த்துப் போ'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு? ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் கத்துவியே! அந்தப் பொண்ணு இனிமே கோல் ஊன்றித்தான் நடக்குமாம். நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினமும் காலையில் வேலைக்கு வந்தவுடன் கட்டுப்பாட்டு அறைச் சுவர் வரைபடத்தைப் பார்த்ததும், நூற்றுப் பதினேழில் கண் நின்றதும், பார்த்தவுடன் மனசு லேசானதும் ஞாபகம் வந்தது. தூங்க வைத்தவளே தானென்று தெரிந்தும் லேசாகியிருக்கிறது.

"பச்சை எரிஞ்சுதுண்ணா," என்றாள்.

பஸ் வந்தது. அண்ணன் அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினான்.