கறுப்புச் சரடு கட்டிய கை

என் கண்ணெதிரே என் மகளைத் தவறான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஏன் ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை?

மாதங்கள் ஓடிவிட்டன. சில நாள் ஒரு பதில் சரியாகத் தோன்றும். மறுநாள் காலை தோசைக்கல்லின் முன் நிற்கும்போது அது சரியில்லை என்று தெரிந்துவிடும்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் செவிலியர். கணவர் மஸ்கட்டில். வீட்டில் நானும் மாமியாரும் நான்கு வயது மகளும். மருத்துவமனைக்கு முன்னால் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைப் பார்த்துக் கல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். எங்களுக்குத் தெரியாத விபத்து இல்லை. ஆனால் வழக்கமாக ஒருவரோ இருவரோதான் வருவார்கள். ஒரே சமயத்தில் ஒரு பேருந்து நிறைய வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை.

இந்த முறை, பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பள்ளிப் பேருந்து ஒன்று கல் லாரியில் மோதியதாகக் கற்பனை. பள்ளிப் பேருந்து என்றால் பிள்ளைகள் வேண்டும். ஊழியர்கள் அவரவர் பிள்ளைகளை அழைத்து வரலாம் என்று மேட்ரன் சொன்னார். அழைத்து வர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் நான் அன்றைக்கே சரி என்றேன். எனக்கு அப்படித்தான் வரும்.

மாமிக்குப் பிடிக்கவில்லை.

“பச்சப்பிள்ளைக்கு ரத்தம் பூசி, செத்த மாதிரி கிடத்தி... இது என்ன விளையாட்டு பிள்ளே?”

“செத்த மாதிரி இல்ல மாமி, அடிபட்ட மாதிரி.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அத்தன பேரு பாத்து கண்ணு பட்டா, பொறவு உனக்க டாக்டரா வந்து எடுப்பாரு?”

மாமி அதற்கு மேல் தடுக்கவில்லை. ஒத்திகையன்று காலை மகளின் கையில் கிடந்த பழைய கறுப்புச் சரட்டை அவிழ்த்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினார். அன்று நிறையக் கண்கள் படும் என்பதால் பல இழைகளைச் சேர்த்துத் தடிமனாக முறுக்கியிருந்தார். வளையல் மாதிரி அகலமாக இருந்தது. நான் பார்த்தேன். ஒத்திகைக்கு விட்டாரே, சரடாவது அவர் இஷ்டப்படி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கூட்டரில் போகும்போது மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் வாயாடி. யாராவது பக்கத்தில் வந்தால் தன் பெயர், பள்ளி, வீட்டு ஆடு எல்லாம் சொல்லிவிடுவாள்.

“ஆரு கூப்பிட்டாலும் பேசப்பிடாது, கேட்டியா? டாக்டர் வந்து முதுகுல குத்தப்போற பேப்பரப் படிக்கிறது வரைக்கும் அசையவே பிடாது.”

“ஈ வந்தா?”

“வந்தாலும்தான்.”

“ஒண்ணுக்கு வந்தா?”

“இப்பவே போயிட்டுப் படுக்கணும்.”

“நான் அசையாம கிடந்தா ஜெயிச்சிருவேனா?”

“ஜெயிச்சிருவ.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன்.

பெரிய விபத்தில் வருகிறவர்களை வாசலிலேயே நிறம் பார்த்துப் பிரிப்போம். உடனே கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும் என்றால் சிவப்பு. கொஞ்சம் தாங்குவார் என்றால் மஞ்சள். நடந்து போகக்கூடியவர் பச்சை. இறந்துவிட்டவர், அல்லது இனி எதுவும் செய்ய முடியாதவர் கறுப்பு. இதற்கென்று அட்டைகள் உண்டு. அச்சகத்திலிருந்து அவை வந்து சேராததால், மார்த்தாண்டம் சந்தையில் நான்கு நிறத் தலை ரிப்பன் வாங்கி வந்து கையில் கட்டுவது என்று முடிவாயிற்று. ரிப்பன் நல்லது, கழன்று விழாது என்று எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

அடிபட்டவராக நடிக்கிற ஒவ்வொருவருடைய முதுகிலும் அவருடைய நிலைமையை எழுதிய தாள் குத்தியிருக்கும். வாசலில் நிற்கும் செவிலியர் பயிற்சி மாணவிகள் அதைப் புரட்டிப் படித்து நிறம் கட்ட வேண்டும். என் மகளின் தாளில் பேச்சில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது, உதடு நீலம் என்று எழுதியிருந்தது. அவள் சிவப்பு. சிவப்பு வருகிற அறையில்தான் எனக்கு வேலை. என்னிடம்தான் வருவாள் என்ற தைரியத்தில்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

ரத்தம் பூசும்போது பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. “அவனுக்குத் தலை நிறைய ரத்தம், எனக்கு முட்டியில மட்டுமா?” என்று ஒரு பிள்ளை அழுதது. சாயம் பூசிக்கொண்டிருந்த மாணவி, “அழாத மக்கா, உனக்கு எலும்பும் ஒடிச்சுத் தாறேன்” என்று சமாதானம் செய்தாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு சைரன் ஒலித்தது. சிரிப்பு நின்றது.

ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் கூச்சல். நடக்க முடிகிறவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். நிஜத்திலும் அப்படித்தான். என் முன்னால் தொடையில் ரத்தம் பீறிடுவதாக நடித்த ஒரு மாணவியைக் கிடத்தினார்கள். காயத்தின் மேல் என் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். எடுத்தால் ஒத்திகைக் கணக்கில் அவள் இறந்துவிடுவாள். ஒத்திகையை மதிப்பிட வெளியிலிருந்து வந்த பார்வையாளர் ஒருவர் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் திறந்திருந்த கதவு வழியாக அந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்தேன். என் மகளின் பூப்போட்ட கவுன், கண்ணை இறுக மூடிய முகம். எங்கள் அறைக்குள் திரும்ப வேண்டிய ஸ்ட்ரெச்சர் திரும்பாமல் நேராகப் போனது. நேரே போனால் சைக்கிள் ஷெட். அன்று அங்கேதான் கறுப்பு.

எனக்குப் புரிந்துவிட்டது. வாய் திறந்தது என்றுகூட நினைவிருக்கிறது. ஆனால் சத்தம் வரவில்லை. கையும் காயத்தை விட்டு எழவில்லை. இடத்தை விட்டு நகரக் கூடாது என்று படித்திருக்கிறேன். நகராமலே கத்தியிருக்கலாம். “அது சிவப்பு, இங்க கொண்டு வாங்க” என்று ஒரு வரி. கத்தினால் ஒத்திகை கெட்டுவிடும் என்று நினைத்தேனா, யாராவது தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேனா, மூலையில் நின்றவருக்குப் பயந்தேனா, தெரியவில்லை.

யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முடிந்ததற்கான மணி அடித்ததும் ஷெட்டுக்கு ஓடினேன். தார்ப்பாயின் மேல் வரிசையாகப் படுத்திருந்த ‘இறந்தவர்கள்’ எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் எழவில்லை. கண் மூடியே இருந்தது. உதட்டோரம் ஒரு ஈ. நான் அந்தத் தாளைப் பிடுங்கி எடுத்துச் சத்தமாகப் படித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, நான் அசையவே இல்ல. ஈ வந்துது, அப்பவும் அசையல்ல. நான் ஜெயிச்சேனா?”

பக்கத்தில் பிணமாகப் படுத்திருந்த எக்ஸ்ரே பிரிவு அண்ணன், “எவ்வளவு சிரிப்பு காட்டிப் பாத்தேன் சிஸ்டர். உம்ஹும். எனக்க கூட கிடந்த பிணத்துலயே இதுதான் நல்ல பிணம்” என்றார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு கூடிப் பேசினோம். இந்தப் பிள்ளைக்குக் கறுப்பு கட்டியது யார் என்று டாக்டர் கேட்டார். யாருமில்லை. கடைசியில் ஒரு மாணவி அழுதுகொண்டே எழுந்தாள்.

“நான் கட்டல்ல சார். பிள்ளைக்க கையில கறுப்பு கிடந்துது. ஆரோ பாத்துக் கட்டியாச்சுன்னு நினைச்சு அங்க அனுப்பிட்டேன்.”

என் மகள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். மாமியின் சரடு.

மேட்ரன் எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னார். கறுப்பு, சிவப்பு, மஞ்சள். அந்த அறையில் பாதிப் பேர் கையில் ஏதோ ஒரு சரடு இருந்தது. அழுத மாணவியின் கையிலும் கறுப்பு. டாக்டர் தன் சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். ரிப்பன் யோசனை எங்களுடையது, சரடும் எங்களுடையது. இரண்டும் ஒரே கையில் வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி ரிப்பன் கிடையாது, எழுத்துள்ள அட்டைதான், யார் என்ன கட்டியிருந்தாலும் அடுத்து நிற்பவரும் மூச்சைச் சோதித்துப் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு. கிளம்பும் முன் அந்தப் பார்வையாளர் என்னிடம் வந்து, சொந்தப் பிள்ளையைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாராட்டினார். நன்றி சொன்னேன்.

மாமியிடம் நடந்ததைச் சொன்னேன். சரட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மாமி பிள்ளையின் கையைப் பிடித்துச் சரட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எனக்க சரடு பிள்ளைய சாக விடல்ல. பேப்பரு வாசிக்காததுதான் விட்டுது” என்றார். சரடு இன்னும் அவள் கையில் இருக்கிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது சரடு இல்லை. அவள் அசையாமல் கிடந்தது. மாணவி தாளைப் படிக்கவில்லை, நான் கத்தவில்லை. ஆனால் அவளிடமும் ஒரு வாய் இருந்தது. அதை மூடி வைத்தது நான். நிஜ விபத்திலும் கத்துகிறவர்களைத்தான் கூட்டம் முதலில் தூக்கி வருகிறது. பேசாமல் கிடக்கும் பிள்ளையைத் தேடிப் போகத்தான் எங்களுக்கே பயிற்சி தருகிறார்கள். வேலைக்குப் போனால் மற்றவர் பிள்ளைகளிடம் இதைத் தேடுகிறேன். வீட்டுக்கு வந்தால் என் பிள்ளையிடம் சத்தம் போடாதே, சொன்னபடி கேள் என்கிறேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் அடுத்த ஒத்திகை வருகிறது. இந்த முறை படகு கவிழ்ந்ததாகக் கற்பனை. மகள் இப்போதே கட்டிலில் மூச்சைப் பிடித்துப் பழகுகிறாள். “இந்தத் தடவையும் நான்தான் ஜெயிப்பேன், பாத்துக்கோ” என்கிறாள். அவளைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. கூட்டிப் போனால் இந்த முறை ஸ்கூட்டரில் அவளிடம் என்ன சொல்வது? பயந்தால் கத்து என்றா? எப்போது கத்துவது, எப்போது அடங்கியிருப்பது என்று நான்கு வயதுக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்கே அன்று புரியவில்லையே.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சொன்னபடி கேட்கிற பிள்ளைக்குக் கத்தவும் சொல்லிக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வார்த்தையில் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.