விருந்தாளி வந்தாச்சா?

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது சிக்கந்தர் அண்ணனின் மகன் போனில் அழைத்தான். "அத்தா மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுதுட்டு அடக்கம்" என்றான். 

பூட்டுக் கடையில் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் அண்ணனும் நானும். மார்கழி, தை வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜும்மா முடித்து வந்ததும் கன்னிவாடி பஸ் பிடிப்போம். எங்கே போகிறீர்கள் என்று நம் தெருவில் நீங்கள் பலரும் கேட்டிருக்கிறீர்கள், மழுப்பியிருக்கிறோம். இப்போது சொல்லிவிடுகிறேன். ஆந்தை பார்க்கப் போனோம்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற ஆந்தைகள் அவை. மரம் ஏறாது. காய்ந்த கண்மாயின் கோரைப்புல்லுக்குள், தரையோடு தரையாகப் பகல் முழுக்கப் படுத்திருக்கும். முதல் தடவை நான் அவசரப்பட்டுக் கிட்டே போக, அங்கே படுத்திருந்த ஏழும் எழும்பிப் பறந்துவிட்டன. அண்ணன் திட்டவில்லை. "அது எந்திரிச்சுப் பறந்துருச்சுன்னா நாம பார்க்கலப்பு, வெரட்டிருக்கோம்" என்றார். அன்றிலிருந்து கரையோடு சரி.

கடையில் ஆந்தை என்று வாயெடுத்தாலே முதலாளிக்கு முகம் சுருங்கும், வியாபாரம் விளங்காதாம். என் வீட்டிலும் அதே கதைதான். அதனால் அண்ணன் பெயரை மாற்றினார். "விருந்தாளி வந்தாச்சா?" என்றால் எங்கள் இருவருக்கும் மட்டும் புரியும்.

அந்தச் சொல்லே கடைசியில் காலை வாரியது. போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து படுத்தார். பேச்சு குழறியது. மார்கழி பிறந்ததும் ஒரே கேள்வி: "விருந்தாளி வந்தாச்சா?" மதினி பாவம், சொந்தபந்தத்தைப் பார்க்கத்தான் ஏங்குகிறார் என்று நினைத்து எல்லாருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். வீடு கொள்ளாத கூட்டம். ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து கையைப் பிடித்தார்கள். அவர் கூட்டத்துக்கு மேலாக என்னையே பார்த்தார். நோயாளி வீட்டில், அத்தனை பேர் நடுவில், ஆந்தை என்ற சொல்லை நான் எப்படி எடுப்பேன்?

அடுத்த வெள்ளிக்கிழமை தனியாகப் போனேன். அந்த வருடம் நல்ல மழை. கண்மாய் கரை தொட்டுக் கிடந்தது. ஊரே சந்தோஷமாக இருந்தது. கோரை இருந்த இடத்தில் தண்ணீர்தான். இருட்டும்வரை நின்றேன். ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "கண்மாய் நெறஞ்சு கெடக்குண்ணே."

அவருக்குப் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

மதினி என்னிடம் கேட்டார்: "அம்புட்டு மழையும் நல்லதுக்குத்தானே தம்பி, இவுக ஏன் அழுகுறாக?"



அடக்கம் முடிந்து திரும்பியபோது, எல்லாரையும் பார்த்துவிட்டுக் குறையில்லாமல் போனார் என்று மதினி சொன்னார். ஆமாம் மதினி என்றேன். வேறென்ன சொல்ல?

தண்ணீர் வற்றும், கோரை முளைக்கும், ஏதோ ஒரு மார்கழியில் அவையும் வரும். அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வார்த்தைதான். அன்றைக்குக் கரையில் நின்று, விருந்தாளி வந்தாச்சு என்று நான் யாரிடம் சொல்வது?