எழவுக்குப் போன ஜாஸ்

கோம்பையில் என் மளிகைக் கடைக்குக் கிளாரினெட்காரர் ஒருவர் வந்தார். மலை எஸ்டேட் கிளப்பில் துரைமார் ஆட ஜாஸ் வாசித்தவர். பேசும்போதும் விரல்கள் துளைகளைத் தேடி அசைந்தன. பொட்டலம் மடிக்க, கிளப் கழித்துப்போட்ட இசைக்குறிப்புத் தாள்களை நான் எடைக்கு வாங்கியிருந்தேன். அவற்றில் தன் கையெழுத்தைக் கண்டு ஒரு தாளை உருவி எடுத்தார்.

"நான் எழுதின மெட்டுண்ணே. கிளப்பு பேண்டு மாஸ்டர் களவாண்டு, தன்னோடதுன்னு கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிறான். தாளில்லாம எனக்கே பாதி மறந்துபோச்சு."

"ஊர்ப் பெரியவுகள்ட்ட சொல்லுவமா?"

"வேணாம். நாளைக்கு இங்கன ஒரு எழவுக்கு வாசிக்கத்தான் வந்திருக்கேன், அதுல இதத்தான் வாசிக்கப் போறேன். பொணத்துக்கு முன்னால வாசிச்சத எவன் கல்யாணத்துல வாசிக்க விடுவான்?"

"உங்க மெட்டும்ல சேந்து போகும்?"

"பெத்தவன் நான். கொள்ளியும் நானே வச்சிர்றேன்."

வைத்தார். அடுத்த கல்யாணத்திலேயே மாஸ்டரை விரட்டிவிட்டார்கள். இப்போது கோம்பையில் யார் செத்தாலும் அந்த மெட்டுதான். கேட்டால், பிணத்தின் பின்னால் நடக்கும் என் கால் ஆடத் துடிக்கிறது.