சுமார் எழுநூறு

எங்களை வளர்த்து ஆளாக்கிய அக்கா கண்மூடி இன்றோடு ஓராண்டு. அவரைப் பற்றி எழுதச் சொல்லித் தம்பிகள் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கோ அன்றும் குழப்பம், இன்றும் குழப்பம்.

அக்கா ஊத்துக்கோட்டையில் பிறந்தார். அவர் ஆசிரியர் பயிற்சி முடித்த சமயத்தில் அப்பா காலமானார். அறுபதுகளின் கடைசியில், புதுவாயல் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் அக்காவுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அம்மா, நான், இரண்டு தம்பிகள், எல்லாருக்கும் அந்தச் சம்பளம்தான் சோறு. இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் நாங்கள் நடுத்தெருவில்.

நான் அக்காவிடம்தான் நாலாம் வகுப்பு படித்தேன். கணக்குப் பாடத்தில், எண்களைக் கூட்டுவதற்கு முன் சுமாராக எவ்வளவு வரும் என்று சொல்லியாக வேண்டும். 298-ஐ முந்நூறாகவும் 413-ஐ நானூறாகவும் வைத்தால் எழுநூறு. விடை அதற்கு வெகுதூரத்தில் வந்தால் எங்கோ தப்பு என்பார்.

"சரியான விடை போடத்தானே வந்துக்கிறோம்? சுமாரு இன்னாத்துக்குக்கா?" என்றேன்.

"இங்க நான் டீச்சர். வாய மூடிக்கினு போடுடி."

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு நோட்டைப் புரட்டி, 'சுமார் 700' என்று குறித்திருந்த அதே இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி, அடியில் 721 என்று போட்டு, "சரியா?" என்றார்.

"சரி சார்!" என்று வகுப்பே கத்தியது. எழுநூறுக்குக் கிட்டத்தானே வந்திருக்கிறது!

"இதுதான் நீங்க சொல்லிக் குடுத்த லட்சணமாம்மா?" என்றார் அவர்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு எது தப்பு என்றே புரியவில்லை. அப்போது செங்கல் சூளை வேலைக்காரர் மகள் மேரி எழுந்தாள்.

"நான் சரின்னு சொல்லல சார். கிட்டக்க வந்துட்டா சரின்னு ஆயிடுமா? கூட்டிப் பாக்கணும்ல? எழுநூத்திப் பதினொண்ணுதான் வருது."

"அப்ப சுமார் எதுக்கு?"

"அறுநூத்திப் பதினொண்ணுன்னு போட்டுருந்தீங்கன்னா, பாத்தவுடனே தப்புன்னு சொல்லிருப்போம் சார்."

அவர் சிரித்தாரா, முறைத்தாரா, இன்றும் சொல்லத் தெரியவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"பாஸா, பெயிலாக்கா?" என்று வழியில் கேட்டேன்.

"எனக்கே தெரியலடி. பேஜாரு பண்ணாம வா" என்றவர், கொஞ்ச தூரம் போய்ச் சாலையிலேயே அழுதார்.

அந்தக் கோடை முழுவதும் அம்மா கண்ணில் பட்ட சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டார். ஆனியில் வேலை நிரந்தரமானது. அந்த மனிதர் என்ன நினைத்துச் சரி என்றாரோ, எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. அந்த வேலையை வைத்துத்தான் அக்கா எங்களைப் படிக்கவைத்தார். பெரிய தம்பியைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்த்தார். என் கல்யாணத்தை நடத்தினார். தான் மட்டும் தனியாகவே இருந்துவிட்டார். "ஒனக்கு வேணாமாக்கா?" என்றால், "போடி, வேலயப் பாரு" என்பார். கடைசியில் படுத்த படுக்கையாகிவிட்டபோதும், வலிக்கிறதா என்று கேட்டால் "பரவால்லடி" என்றுதான் சொன்னார். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா, நான் அறியேன்.

அக்காவைக் கண்ணை இமை காப்பதுபோல் பார்த்துக்கொண்ட தம்பி மனைவியருக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி தந்த பக்கத்து வீட்டாருக்கும், ஓடிவந்து தோள்கொடுத்த அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. அக்கா இருக்கும்போதே அவருக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்ல நினைத்தேன். கூடப்பிறந்தவருக்கு நன்றி சொல்வார்களா, சொன்னால் திட்டுவாரா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அக்கா போய்விட்டார்.