லீவு விட்ட பதினான்கு நாட்கள்

செலக்‌ஷன் நடந்த காலையில் நீச்சல்குளத்தருகே எங்கள் தரப்பில் இருந்தவர்கள்: கோச், அவருக்கு உதவியாளனான நான், எங்களிடம் பயிற்சி பெற்ற பதினைந்து வயதுப் பெண், கம்பி வேலிக்கு வெளியே அவளுடைய அம்மா. வராதவர் அவளுடைய அப்பா மட்டும்தான். கொத்தனார். ஆனையூரைத் தாண்டிச் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். புதுக் காங்கிரீட் தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த தகடுகளை முந்தின நாள் கழற்றியிருந்தார், அன்றைக்கு அவற்றை வாடகைக் கடையில் ஒப்படைக்க வேண்டுமாம். அதைக் கேட்டபோதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இருநூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலை இரண்டரை நிமிடத்துக்குள் முடித்தால் அவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. முடிக்காவிட்டால் கிடையாது. அடுத்த வருடம் வயதுப் பிரிவு மாறிவிடும்.

நான் பேரையூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன். நீச்சலைக் கிணற்றில் கற்றேன், விளையாட்டு அறிவியலைக் கல்லூரியில். கல்லூரியில் கற்றதைத்தான் பெரிதாக நம்பினேன். மாதக்கணக்கில் கடுமையாக நீந்திய உடம்பில் அலுப்பு சேர்ந்து கிடக்கும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு தூரத்தைக் குறைத்தால் அலுப்பு வடிந்து, அடியில் இருக்கும் வேகம் மேலே வரும். அலுத்த உடம்போடே அவள் இரண்டு நிமிடம் முப்பத்தொரு விநாடி நீந்தியிருந்தாள். ஓய்வு கொடுத்தால் இருபத்தெட்டுக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

நாளுக்கு நாலாயிரம் மீட்டர் என்பதை இரண்டாயிரமாக்கினேன். கோச் சிரித்தார்.

“இத்தன வருசம் நீந்த வச்சுத்தான் ஜெயிக்க வச்சிருக்கேன். நீ படுக்க வச்சு ஜெயிக்க வைக்கப் போறியா மாப்ள?”

“ரெண்டே வாரம்ணே. பாருங்க.”

அவளிடம் ஒரு தாள் கொடுத்தேன். நீந்திய தூரம், தூங்கிய நேரம், சாப்பாடு, காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே எண்ணிய நாடித்துடிப்பு. தினமும் படம் எடுத்து அனுப்புவாள், நான் லேப்டாப்பில் ஏற்றுவேன். ஓய்வு எடுக்க எடுக்கத் துடிப்பு இறங்க வேண்டும். முதல் நாள் ஐம்பத்தெட்டு. மூன்றாம் நாள் அறுபத்திரண்டு. ஐந்தாம் நாள் அறுபத்தாறு.

எனக்குப் புரியவில்லை. போன் செய்தேன்.

“காய்ச்சல் அடிக்குதாப்பா?”

“இல்லண்ணே.”

“எண்ணும்போது எந்திரிச்சு நடந்தியா?”

“படுத்துக்கிட்டேதாண்ணே எண்ணுனேன்.”

“நல்லா ரெஸ்ட்ல இருக்கியா?”

“ஆமாண்ணே, சும்மாதான் இருக்கேன்.”

அலுப்பு இன்னும் வடியவில்லை போலிருக்கிறது என்று மாலைப் பயிற்சியை முழுதாக நிறுத்தினேன். துடிப்பு அறுபத்தொன்பது ஆனது. ஐம்பது மீட்டரை நாற்பத்திரண்டு கைவீச்சில் கடப்பவள் நாற்பத்தாறு வீசினாள். தண்ணீரைப் பிடித்து இழுக்கத் தோளில் பலமில்லை. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். அதில் எல்லா வரைபடத்திலும் துடிப்பின் கோடு கீழே இறங்கியது. என் தாளில் மட்டும் ஏறியது. பொட்டைப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கோ, இரத்தம் குறைவோ, அல்லது நான் படித்ததே தப்போ? பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

“ரெஸ்ட் குடுக்கக் குடுக்கப் பிள்ளை சோந்துல்ல போவுது,” என்றார் கோச். “உன் லேப்டாப்புக்குத்தான் காய்ச்சலாட்டம் இருக்கு. பேசாம நாலாயிரத்தப் போடு, சரியாயிரும்.”

நான் போடவில்லை. காலைப் பயிற்சியையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன்.

செலக்‌ஷனில் முதல் நூறு மீட்டர் நன்றாகத்தான் போனாள். மூன்றாவது திருப்பத்துக்குப் பிறகு முழங்கை தாழ ஆரம்பித்தது. சுவரைத் தொட்டபோது என் வாட்சை அழுத்தினேன், பார்த்தேன், நம்பவில்லை. நடுவர்கள் முடிவுத் தாள் ஒட்டட்டும் என்று வேலிப் பக்கம் போனேன்.

அவளுடைய அம்மா ஒரு தூக்குவாளியை நீட்டினார். உள்ளே கேசரி.

“வீட்டுத் தளம் நல்லபடியா நின்னுருச்சு சார். அதான் கிண்டுனேன். நீங்க மட்டும் இவளுக்கு லீவு விடலன்னா வெடிப்பு விட்டுருக்கும்.”

“நானா?”

“காங்கிரீட் போட்டா ரெண்டு வாரம் காய விடக் கூடாதுல்ல? மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும். மோட்டர் இன்னும் போடல. நானும் அவுகளும் விடியக்காலையே வேலைக்குப் போயிருவோம். இவதான் கீழ்த்தொட்டியில இருந்து குடங்குடமா ஏணியில ஏத்துனா. காலையில முப்பது, சாயந்தரம் முப்பது. நீங்க சாயந்தரம் வர வேணாம்னு சொன்னப்புறம் இன்னும் பத்து கூட ஊத்துனா.”

கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குளத்துக்குள் அவள் நீந்திய ஒவ்வொரு மீட்டரும் என்னிடம் எழுத்தில் இருந்தது. தலையில் ஏறிய தண்ணீருக்கு என் தாளில் கட்டமே இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. சொந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதை யாரும் வேலை என்று சொல்வதில்லை, சும்மா இருக்கும்போது செய்வது அது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டபோதெல்லாம் அப்பாவோடு பருத்தி எடுக்கப் போனவன் நான். “பய சும்மாதான இருக்கான்” என்றுதான் அவரும் கூப்பிட்டார்.

கோச் சொன்னபடி நாலாயிரம் மீட்டரைப் போட்டிருந்தால் குடம் தூக்க அவளுக்கு நேரமே இருந்திருக்காது. அப்படியானால் யார் சொன்னது சரி? முதல் நாளே தெரிந்திருந்தால், “சுமக்காதே, தளம் வெடித்தால் வெடிக்கட்டும்” என்று அந்த வீட்டு வாசலில் போய் நின்று சொல்லியிருப்பேனா? அதுவும் தெரியவில்லை. இன்றைக்கு வரை யோசிக்கிறேன், ஒரு பக்கமும் நிலைக்க மாட்டேன் என்கிறது.

தாளை ஒட்டினார்கள். கோச் படித்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவளால் எட்டிப் பார்க்க முடியவில்லை.

“எம்புட்டுலண்ணே விட்டேன்?”

சொன்னேன். இரண்டரை நிமிடத்தைத் தாண்டி ஒரு விநாடி, அதற்கு மேல் நூறில் இருபத்திரண்டு பங்கு.